ஸ்ட்ரோக் கேஸ் காஷுவாலிட்டிக்குள்ள வந்ததுல இருந்து மறுநாள் சி.டி. வரைக்கும்: புதுசா ட்யூட்டிக்கு வர்றவங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நான் பன்னெண்டு வருஷமா காஷுவாலிட்டியிலயும் ஸ்ட்ரோக் வார்டுலயும் ஸ்டாஃப் நர்ஸ். வருஷா வருஷம் புது ஹவுஸ் சர்ஜன், புது ட்யூட்டி டாக்டர், புது சிஸ்டர்ஸ் வர்றாங்க, எல்லாருக்கும் புத்தகம் மனப்பாடமா தெரியும், ஆனா எதை முதல்ல செய்யணும் எதை அப்புறம் செய்யணும்ங்கற வரிசையில கோட்டை விட்டுடறாங்க. ஸ்ட்ரோக்ல வரிசை தப்பினா மருந்து கைல இருந்தும் போட முடியாம போயிடும். அதனால வரிசைப்படியே எழுதறேன். டோஸ் முடிவு பண்றது உங்க யூனிட் டாக்டரும் உங்க ஹாஸ்பிடல் புரோட்டோகாலும்தான், இதை பக்கத்துல வெச்சு புரிஞ்சுக்கோங்க.

1. கேஸ் வர்றதுக்கு முன்னாடியே கைல இருக்க வேண்டியது

ட்யூட்டி ஏத்துக்கும்போதே இதெல்லாம் இருக்கான்னு பாருங்க: வேலை செய்யற குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப், பச்சை வென்ஃப்ளான் (நரம்புல போடற ப்ளாஸ்டிக் ஊசி) ரெண்டு, பி.பி. இறக்கற லேபடலால் ஆம்ப்யூல், சிரிஞ்ச் பம்ப், ரத்தக்கட்டி கரைக்கற மருந்து எந்த ஃப்ரிட்ஜ்ல இல்ல எந்த அலமாரில இருக்கு அதோட சாவி யார்கிட்ட இருக்குன்னு. சிரிக்காதீங்க, சாவி வெச்சிருந்தவங்க சாப்பிட போயிட்டாங்கன்னு பதினஞ்சு நிமிஷம் போன கதை எங்க வார்டுலயே நடந்துச்சு.

சி.டி. ரூம் நம்பர், நியூரோ டாக்டர் நம்பர் ரெண்டும் சுவத்துல ஒட்டியிருக்கணும். 108ல இருந்து போன் வந்தா அப்பவே சி.டி. டெக்னீஷியனுக்கு சொல்லிடுங்க, ஏன்னா பேஷண்ட் வந்தப்புறம் போன் பண்ணா டேபிள்ல வேற யாராவது வயித்து ஸ்கேனுக்கு படுத்திருப்பாங்க.

2. முதல் கேள்வி: கடைசியா நல்லா இருந்தது எப்போ?

எல்லாரும் கேக்கறது "எப்போ வந்துச்சு?"ன்னு. இந்த கேள்விதான் தப்பு. வீட்டாளுங்க அவங்க பாத்த நேரத்தை சொல்லுவாங்க. காலைல 6 மணிக்கு எழுப்பும்போது வாய் கோணியிருந்துச்சுன்னா "6 மணிக்கு வந்துச்சு சார்"னு சொல்லுவாங்க, நீங்களும் 6னு எழுதி 8 மணிக்கு ரத்தக்கட்டி கரைக்கற ஊசி (இனிமே "ஊசி போடறது"ன்னா இதுதான்) போடலாம்னு கணக்கு போடுவீங்க, ஆனா ரத்தக்குழாய் அடைச்சது ராத்திரி 11 மணியா கூட இருக்கலாம். நம்ம கடிகாரம் ஓட ஆரம்பிக்கறது கடைசியா நல்லா இருந்ததை யாராவது பாத்த நேரத்துல இருந்து.

ஒரு தடவை அறுவத்தஞ்சு வயசு ஐயா, தூங்கி எழுந்தப்போ வலது கை கால் விழுந்திருச்சு. டாக்டர் ராத்திரி 10 மணின்னு எழுதிட்டாரு, அப்படின்னா நேரம் தாண்டிடுச்சு. நான் அம்மாகிட்ட உக்காந்து, "அம்மா, நடுராத்திரில ஒண்ணுக்கு போக எழுந்தாரா?"ன்னு கேட்டேன். "ஆமா சிஸ்டர், நாலரை மணி இருக்கும், பாத்ரூம் போயிட்டு வந்து ஃபேனை கொறைடின்னு சொன்னாரு, நான்தான் எழுந்து கொறைச்சேன்." "நல்லா நடந்தாரா? பேச்சு தெளிவா இருந்துச்சா?" "நல்லாதான் சத்தம் போட்டாரு." மணி எப்படி நாலரைன்னு தெரியும்னு கேட்டா, பக்கத்து கோயில் பாட்டு போட்டாங்களாம். அந்த ஒரு வரில ஆறரை மணி நேரம் திரும்ப கிடைச்சிடுச்சு.

அதனால மணி கேக்காதீங்க, சம்பவம் கேளுங்க. பால்காரர் வந்தப்போ எப்படி இருந்தாரு, எந்த சீரியல் ஓடிட்டு இருந்துச்சு, கடைசியா யார்கிட்ட போன்ல பேசினாரு. போன்ல கால் நேரம் இருக்கும், எடுத்து பாருங்க. நேரத்தை கேஸ் ஷீட் மேல பெருசா எழுதுங்க, யார் சொன்னாங்கன்னும் எழுதுங்க, அவங்க போன் நம்பரும் வாங்கிக்கோங்க, ஏன்னா பத்து நிமிஷத்துல அவங்க பில் கவுண்டர் பக்கம் போயிடுவாங்க, டாக்டர் வந்து கேக்கும்போது பக்கத்துல ஒன்னும் தெரியாத மச்சினன் நிப்பாரு.

நேரமே தெரியலன்னாலும் கேஸ் முடிஞ்சிடல. எம்.ஆர்.ஐ.ல ஒரு படத்துல அடைப்பு தெரிஞ்சு இன்னொரு படத்துல தெரியலன்னா புதுசுன்னு அர்த்தம், 2018ல வந்த ஆய்வுக்கு அப்புறம் அந்த மாதிரி ஆளுங்களுக்கும் ஊசி போடறாங்க. அந்த முடிவு நியூரோ டாக்டரோடது, உங்க வேலை உடனே அவருக்கு சொல்றது.

3. ரெண்டாவது: சுகர், அதுவும் சி.டி.க்கு முன்னாடி

ஊசி போடறதுக்கு முன்னாடி கட்டாயமா தெரிஞ்சிருக்க வேண்டிய ஒரே ரத்தப் பரிசோதனை இதுதான். சுகர் கொறைஞ்சா அப்படியே பக்கவாதம் மாதிரியே ஒரு பக்கம் கை கால் விழும், பேச்சு குழறும். கிட்னி கெட்டுப்போன சுகர் பேஷண்ட், கிளிமிபிரைடு மாத்திரை போட்டுட்டு ராத்திரி சாப்பிடாம படுத்திருப்பாங்க, காலைல ஸ்ட்ரோக்னு தூக்கிட்டு வருவாங்க. 50க்கு கீழ இருந்தா டெக்ஸ்ட்ரோஸ் குடுங்க, கண்ணு முன்னாடியே கையை தூக்குவாங்க. இந்த மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு சில மணி நேரத்துல சுகர் மறுபடி விழலாம், அதனால சரியாயிடுச்சுன்னு வீட்டுக்கு அனுப்பாதீங்க. சுகர் ஏறினப்புறமும் கை வரலன்னா அப்போ அது ஸ்ட்ரோக்தான், மேல போங்க.

ஸ்ட்ரோக் மாதிரி ஏமாத்தற மத்ததையும் இங்கயே ஒரு வார்த்தை கேட்டுடுங்க. வலிப்பு வந்து நின்னப்புறம் கொஞ்ச நேரம் ஒரு பக்கம் தளர்ந்து கிடக்கும், அதனால "கை கால் வெட்டி வெட்டி இழுத்துச்சா?"ன்னு கேளுங்க. நம்ம ஊர்ல "இழுத்துக்கிச்சு"ன்னா வலிப்புக்கும் சொல்லுவாங்க வாதத்துக்கும் சொல்லுவாங்க, அதனால நடிச்சு காட்ட சொல்லுங்க. முகம் மட்டும் கோணி, நெத்தியும் சுருக்க முடியல கண்ணும் மூட முடியலன்னா அது பெரும்பாலும் முக நரம்பு வாதம். நெத்தி சுருங்குது, கீழ் பாதி மட்டும் கோணுதுன்னா மூளை பக்கம் சந்தேகப்படுங்க.

4. பி.பி., லைன், அப்புறம் குடுக்கக் கூடாதது

பி.பி.யும் லைனும் நல்லா இருக்கற கைல. ஒரு லைன் முழங்கை மடிப்புல பச்சை வென்ஃப்ளான், ஏன்னா கான்ட்ராஸ்ட் (ஸ்கேன்ல ரத்தக்குழாய் தெரியறதுக்கு போடற மருந்து) வேகமா போகணும், கைமேல சின்ன ஊசி போட்டு அனுப்பினா சி.டி. ரூம்ல இருந்து திருப்பி அனுப்புவாங்க. ரத்தம் எடுத்து அனுப்பிடுங்க, ரிப்போர்ட்டுக்கு காத்திருக்காதீங்க. ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடறவங்க, ஈரல் கெட்டவங்க, டயாலிசிஸ்ல இருக்கறவங்கன்னா மட்டும்தான் அந்த ரிப்போர்ட் வர்ற வரைக்கும் ஊசியை நிறுத்தி வைக்கணும்.

இங்கதான் பெரிய தப்பு ரெண்டு நடக்குது. முதல் தப்பு, பி.பி. 210 இருக்குன்னு பதறி நிஃபெடிபின் நாக்குக்கு அடியில வைக்கறது. மூளைல ஒரு குழாய் அடைச்சிருக்கும்போது அக்கம்பக்கத்து குழாய் வழியா கொஞ்சம் ரத்தம் தள்ளிட்டு இருக்கறதே அந்த ஏறின பி.பி.தான், அதை படார்னு இறக்கினா பிழைச்சிருக்கற இடமும் செத்துடும். ஊசி போடாத கேஸ்ல 220/120 தாண்டாத வரைக்கும் முதல் நாள் பொதுவா விட்டுடுவோம் (மாரடைப்பு, இதயம் திணறல் மாதிரி வேற காரணம் இருந்தா கதை வேற). ஊசி போடணும்னா மட்டும் 185/110க்கு கீழ கொண்டு வரணும், அதுக்கு லேபடலால் 10 மி.கி. ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல மெதுவா நரம்புல.

ரெண்டாவது தப்பு, லோடிங் டோஸ், அதாவது முதல் தடவையே குடுக்கற பெரிய டோஸ். நெஞ்சுவலிக்கு பழகின கை, ஆஸ்பிரின் குளோபிடோக்ரல் அடோர்வாஸ்டாடின்னு மூணையும் உடைச்சு வாயில போட்டு அனுப்பிடுவாங்க. ரத்தக்கசிவா அடைப்பான்னு சி.டி. பாக்காம யாருக்கும் தெரியாது, கசிவா இருந்தா அந்த மாத்திரை எரியற தீயில எண்ணெய். அதுவும் போக விழுங்க முடியாதவங்களுக்கு மாத்திரை நேரா நுரையீரலுக்கு போகும். வீட்டுலயே கஷாயம், சோடா, காபி குடுத்துட்டு வந்திருப்பாங்க, புறா ரத்தம் தடவிட்டு வந்திருப்பாங்க, திட்டாதீங்க, திட்டினா அடுத்த கேள்விக்கு பதில் மறைப்பாங்க. எத்தனை மணிக்கு தடவினீங்கன்னு கேளுங்க, அதுவும் ஒரு நேரக் கணக்குதான்.

5. ஸ்கோர் போடறது

பாதிப்பு எவ்வளவுன்னு அளக்கற, 0ல இருந்து 42 வரைக்கும் போற ஸ்ட்ரோக் ஸ்கோர் (என்.ஐ.எச்.எஸ்.எஸ்., கூடினா பாதிப்பு அதிகம்) ஷீட்டை பாத்து போடுங்க, மனசுல இருந்து போடாதீங்க. பேஷண்ட் முதல்ல செஞ்சதைத்தான் எழுதணும், "இன்னொரு தடவை தூக்குங்க ஐயா"ன்னு கெஞ்சி தூக்க வெச்சு நல்ல மார்க் போடக் கூடாது. அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஆகக் கூடாது, முடிஞ்சா ஸ்ட்ரெச்சர் போயிட்டு இருக்கும்போதே போடுங்க.

புதுசா வர்றவங்க அடிக்கடி தவற விடறது மூணு. பேச்சு வராதவங்களை "கன்ஃப்யூஸ்டு"ன்னு எழுதிடறாங்க; பேனாவை காட்டி இது என்னன்னு கேளுங்க, பேர் சொல்ல வராம தடுமாறினா மூளைல பேச்சுக்கான இடம் பாதிச்சிருக்குன்னு அர்த்தம். இடது பக்கமே இருக்கறது தெரியாத பேஷண்ட் இன்னொண்ணு, "எனக்கு ஒண்ணுமில்ல வீட்டுக்கு போறேன்"னு சண்டை போடுவாரு, அவரோட இடது கையவே தூக்கி காட்டி இது யார் கைன்னு கேட்டா உங்க கைன்னு சொல்லுவாரு.

மூணாவது ரொம்ப முக்கியம், தலைசுத்தல். மூளையோட பின் பக்கம் அடைச்சா இந்த ஸ்கோர் பூஜ்யமா கூட வரும். கை நல்லா தூக்குவாங்க, பேச்சு தெளிவா இருக்கும், வாந்தியும் சுத்தலும் மட்டும். தலைசுத்தலுக்கு பீட்டாஹிஸ்டின் மாத்திரை எழுதி அனுப்பிடுவாங்க. அனுப்பறதுக்கு முன்னாடி எழுப்பி உக்கார வையுங்க, பிடிச்சு நடக்க வையுங்க. உதவி இல்லாம உக்காரவே முடியல, ஒரு பக்கமா சாயறாங்க, ரெண்டா தெரியுதுங்கறாங்கன்னா அது காது பிரச்சனைன்னு நெனச்சு விட்டுடாதீங்க. நான் பாத்ததுல வீட்டுக்கு போய் மறுநாள் மயக்கமா திரும்பி வந்த கேஸ் பெரும்பாலும் இந்த வகைதான்.

இன்னொண்ணு, வந்து அரை மணியில எல்லாம் சரியாயிடுச்சுன்னா சந்தோஷப்பட்டு அனுப்பாதீங்க. அது பெரிய ஸ்ட்ரோக்குக்கு முன்னாடி வர்ற எச்சரிக்கை, அடுத்த ரெண்டு நாள்தான் ரொம்ப ஆபத்து. ஸ்கேன்ல கசிவு இல்லன்னு உறுதியானதும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் ரெண்டையும் சேத்து 21 நாள் குடுக்கற முறை இவங்களுக்கும், ஸ்கோர் 3க்குள்ள இருக்கற சின்ன ஸ்ட்ரோக்குக்கும்தான்.

6. சி.டி.: வெள்ளையா கருப்பா

கான்ட்ராஸ்ட் இல்லாத சி.டி. எடுக்கறது அடைப்பை கண்டுபிடிக்கறதுக்குன்னு நெறைய பேர் நினைக்கறாங்க. முதல் சில மணி நேரத்துல அடைப்பு சி.டி.ல தெரியாமலே போகலாம். அது எடுக்கறது ரத்தக்கசிவு இருக்கா இல்லையான்னு பாக்க. கசிவு வெள்ளையா தெரியும். "சி.டி. நார்மல், ஸ்ட்ரோக் இல்ல"ன்னு ஒரு ட்யூட்டி டாக்டர் சொல்லிட்டு நிம்மதியா போனதை பாத்திருக்கேன், கை விழுந்து கிடக்கு, சி.டி. நார்மல்னா அதுதான் ஊசி போட ஏத்த கேஸ்.

அதே டேபிள்ல கழுத்துல இருந்து மூளை வரைக்கும் குழாய்க்கு கான்ட்ராஸ்ட் படமும் எடுத்துடுங்க, ஸ்கோர் அதிகமா இருந்தா கண்டிப்பா. கிரியாட்டினின் (கிட்னி டெஸ்ட்) வரட்டும்னு காத்திருந்து திரும்ப ஒரு தடவை கூட்டிட்டு போனா நாப்பது நிமிஷம் காலி. ஊசி மருந்தை சி.டி. ரூமுக்கே கொண்டு போற பழக்கம் நல்லது, முதல் படம் பாத்ததும் அங்கயே ஆரம்பிச்சுட்டு கான்ட்ராஸ்ட் படம் எடுக்கலாம்.

கசிவுன்னு தெரிஞ்சா பாதை மாறுது. பி.பி.யை இப்போ இறக்கணும், மேல் அளவு 150ல இருந்து 220க்குள்ள இருந்தா 140 பக்கம் கொண்டு வந்து நிறுத்துவாங்க. மாத்திரை பட்டையை பாருங்க: நம்ம பக்கம் இதய வால்வு ஆபரேஷன் பண்ணவங்க நெறைய பேர் அசெனோகூமரால் சாப்பிடுவாங்க, "ரத்தம் இளகற மாத்திரை"ன்னு சொல்லுவாங்க. அதுக்கு வைட்டமின் கே, உறைய வைக்கற காரணிகள் உடனே வேணும். நியூரோ சர்ஜனுக்கு போன், முக்கியமா சிறுமூளை கசிவுன்னா, அங்க இடம் கம்மி, நல்லா பேசிட்டு இருக்கறவங்க ஒரு மணில மூச்சு நின்னுடுவாங்க.

பிரசவம் ஆகி ரெண்டு மூணு வாரம் ஆன பொண்ணு, நாலு நாளா தலைவலி, அப்புறம் வலிப்பு, ஒரு கை தளர்ச்சின்னு வந்தா இதுவரைக்கும் எழுதினதை ஓரமா வெச்சுட்டு மூளையோட சிரை அடைப்பை யோசிங்க. பத்திய சாப்பாடுன்னு பிள்ளை பெத்தவங்களுக்கு தண்ணியே சரியா குடுக்க மாட்டாங்க சில வீட்டுல, ரத்தம் கெட்டியாகும். இதுல சி.டி.ல கசிவு தெரிஞ்சாலும் மருந்து, ரத்தம் உறையாம தடுக்கற ஹெப்பாரின்தான், கேக்கவே முரணா இருக்கும், ஆனா சிரை திறந்தாதான் அந்த கசிவும் நிக்கும்.

7. ஊசி போடலாமா: கேட்டே ஆக வேண்டிய கேள்விகள்

கடைசியா நல்லா இருந்த நேரத்துல இருந்து நாலரை மணி நேரத்துக்குள்ள, கை கால் பேச்சு முடங்கற அளவு பாதிப்பு, கசிவு இல்ல. அப்புறம் கேளுங்க: மூணு மாசத்துக்குள்ள தலையில பெரிய அடியா, மூளை ஆபரேஷனா, இன்னொரு ஸ்ட்ரோக்கா, முன்னாடி எப்பவாவது மூளைல கசிவா, சமீபத்துல பெரிய ஆபரேஷனா, கருப்பா மலம் போச்சா, ரத்தம் உறையாத மாத்திரை கடைசியா எப்போ. புது வகை மாத்திரையை 48 மணி நேரத்துக்குள்ள சாப்பிட்டிருந்தா பொதுவா ஊசி வேணாம், வார்ஃபரின் வகைன்னா ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்கற அளவு) 1.7 தாண்டினா வேணாம். பிளேட்லெட் 1 லட்சத்துக்கு கீழன்னாலும் வேணாம். டெங்கு சீசன்ல இந்த கடைசி வரியை மறக்காதீங்க.

வீட்டாளுங்ககிட்ட பேசறது தனி கலை. ஆறு பேர் நிப்பாங்க, ஆறு பேருக்கும் சொன்னா ஏழாவதா ஒருத்தர் போன்ல வருவாரு, "நான் வர்ற வரைக்கும் எதுவும் போடாதீங்க"ன்னு. முடிவு எடுக்கற ஒருத்தரை உக்கார வெச்சு நேரா சொல்லுங்க: இந்த ஊசி போட்டா மூணு மாசத்துல தன் வேலையை தானே பாக்கற நிலைக்கு வர்ற வாய்ப்பு கூடுது, 1995ல வந்த முதல் பெரிய ஆய்வுல போடாதவங்களை விட குறைஞ்சது 30 சதவீதம் கூடுதல். அதே ஆய்வுல 100ல 6 பேருக்கு மூளைல கசிவு வந்து நிலைமை மோசமாச்சு. ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லுங்க, ஒண்ணை மறைச்சா நாளைக்கு அது உங்க தலைல விழும்.

8. டோஸ்: கணக்கை ரெண்டு பேர் போடுங்க

எடை கேக்காம ஆரம்பிக்காதீங்க. "ஒரு அறுவது இருப்பாரு"ன்னு கண்ணால சொல்றதுல பத்து கிலோ தப்பு சாதாரணமா வரும். எடை காட்டற பெட் இருந்தா அது, இல்லன்னா போன வாரம் சுகர் செக்கப் சீட்டு.

கட்டி கரைக்கற மருந்து ரெண்டு: ஆல்டிபிளேஸ், டெனக்டிபிளேஸ். ஆல்டிபிளேஸ்னா கிலோவுக்கு 0.9 மி.கி., எவ்வளவு எடை இருந்தாலும் 90 மி.கி. தாண்டக் கூடாது. அதுல பத்துல ஒரு பங்கு ஒரு நிமிஷத்துல, மீதி ஒரு மணி நேரத்துல. 60 கிலோன்னா மொத்தம் 54, முதல்ல 5.4, அப்புறம் 48.6. கலக்கும்போது மருந்து குப்பியை குலுக்காதீங்க, நுரை வரும், உருட்டுங்க. தேவைக்கு மேல இருக்கற மருந்தை பம்ப்ல ஏத்தறதுக்கு முன்னாடியே எடுத்து கொட்டிடுங்க, அப்புறம் நிறுத்திக்கலாம்னு விட்டா யாராவது மறந்து முழுசா ஓட விடுவாங்க.

பம்ப் பீப் அடிச்சதும் கழட்டிடறது ரொம்ப சகஜமான தப்பு. சிரிஞ்ச் காலி ஆனாலும் ட்யூப்ல இன்னும் மருந்து நிக்குது, அதையும் பேஷண்டுக்கு போக வைக்கணும், அதே வேகத்துல சலைன் ஓட விடுங்க. டெக்ஸ்ட்ரோஸ் ஓடின லைன்ல இந்த மருந்து எதையும் போடாதீங்க, திரிஞ்சுடும், முன்னாடியே சலைன்ல கழுவுங்க.

டெனக்டிபிளேஸ் ஒரே தள்ளுல முடிஞ்சிடும், சுலபம், அதனாலயே ஆபத்தும் ஜாஸ்தி. ஸ்ட்ரோக்குக்கு கிலோவுக்கு 0.25 மி.கி., அதிகபட்சம் 25 (நம்ம நாட்டுல சில பிராண்ட் லேபிள்ல 0.2னு இருக்கும், உங்க யூனிட் எதை பின்பற்றுதோ அது). 60 கிலோவுக்கு 15 மி.கி. அதே ஆளுக்கு மாரடைப்புன்னா 35 மி.கி. போடுவாங்க. ஒரே மருந்து, சில இடத்துல ஒரே அலமாரி, சி.சி.யூ.ல (இதய வார்டுல) இருந்து மாறி வந்த சிஸ்டர் பழக்கத்துல இதய டோஸை இழுத்து வெச்சிருந்ததை கடைசி நிமிஷத்துல தடுத்திருக்கோம். அன்னைல இருந்து எங்க வார்டுல ரெண்டு பேர் தனித்தனியா கணக்கு போட்டு, சத்தமா படிச்சு, அப்புறம்தான் ஊசி.

9. ஊசி ஓடும்போதும் அப்புறமும்: பக்கத்துலயே நில்லுங்க

முதல் ரெண்டு மணி நேரம் 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை, அடுத்த ஆறு மணி நேரம் அரை மணிக்கு ஒரு தடவை, அப்புறம் 24 மணி நேரம் வரைக்கும் மணிக்கு ஒரு தடவை பி.பி.யும் நரம்பு நிலைமையும். பி.பி. 180/105 தாண்டக் கூடாது. சார்ட்ல எல்லா கட்டமும் 140/90னு ஒரே மாதிரி இருந்தா அந்த சார்ட்டை நான் நம்ப மாட்டேன், உக்காந்து நெரப்பினதுன்னு தெரிஞ்சிடும்.

யூரின் ட்யூப், மூக்கு ட்யூப், தமனில ஊசி எல்லாம் தவிர்க்க முடியலன்னா மட்டும். போடணும்னா ஊசிக்கு முன்னாடியே போடுங்க, ஆனா அதுக்காக ஊசியை தாமதப்படுத்தாதீங்க. ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் மறு சி.டி. வரைக்கும் கிடையாது.

மூளைல கசிவு வர்றது இப்படித்தான் தெரியும்: புதுசா தலைவலிங்கறாங்க, வாந்தி, பி.பி. திடீர்னு ஏறுது, தூக்கிட்டு இருந்த கை மறுபடி விழுது, கூப்பிட்டா கண்ணு தொறக்க மாட்டேங்கறாங்க. டாக்டரை கூப்பிடறதுக்கு முன்னாடி பம்பை நிறுத்துங்க, இதுக்கு யார் அனுமதியும் வேணாம். அப்புறம் அவசர சி.டி., ஃபைப்ரினோஜென் (ரத்தம் உறைய வைக்கற புரதம்) உட்பட ரத்த டெஸ்ட், ரத்த வங்கிக்கு அந்த புரதம் நிறைஞ்ச கிரையோ 10 யூனிட்டுக்கு போன். கிரையோ உருக நேரம் ஆகும், சி.டி. ரிப்போர்ட் வந்தப்புறம் போன் பண்ணா லேட். ரத்தக்கசிவை நிறுத்தற டிரானெக்ஸாமிக் 1 கிராம் பத்து நிமிஷத்துல போடறதும் உண்டு.

இன்னொரு சிக்கல் புதுசுங்களுக்கு தெரியவே தெரியாது, நாக்கு வீக்கம். ராமிப்ரில், எனலாப்ரில் மாதிரி பி.பி. மாத்திரை சாப்பிடறவங்களுக்கு அதிகம். உதடு, நாக்கு ஒரு பக்கமா வீங்கும், பெரும்பாலும் தளர்ந்த பக்கமே. முகம் ஏற்கனவே கோணியிருக்கறதால கண்ணுக்கு தெரியாது. ஒவ்வொரு தடவை பி.பி. பாக்கும்போதும் டார்ச் அடிச்சு நாக்கை பாருங்க. வீங்க ஆரம்பிச்சா மருந்தை நிறுத்தி, மயக்க டாக்டரை கூப்பிட்டு, ஸ்டீராய்டும் அலர்ஜி ஊசியும் போடணும். மூச்சுக்குழாய் அடைச்சப்புறம் ட்யூப் போடறது அந்த நாக்கை தாண்டி நடக்காத காரியம், அதனால முன்னாடியே முடிவு எடுக்கணும்.

10. கட்டியை இழுத்து எடுக்கற கேஸ்: தொடையை மறக்காதீங்க

பெரிய குழாய் அடைச்சிருந்தா ஊசி மட்டும் போதாது, தொடை வழியா இல்ல மணிக்கட்டு வழியா கம்பி விட்டு கட்டியை இழுத்து எடுப்பாங்க. 6 மணி நேரத்துக்குள்ள நேரடியா, ஸ்கேன்ல காப்பாத்தற இடம் இன்னும் இருந்தா 24 மணி நேரம் வரைக்கும், 2018ல வந்த ஆய்வுகளுக்கு அப்புறம். உங்க ஹாஸ்பிடல்ல வசதி இல்லன்னா கான்ட்ராஸ்ட் படத்தை பாத்ததும் அனுப்ப ஏற்பாடு பண்ணுங்க. ஊசி வேலை செய்யுதான்னு பாத்துட்டு அனுப்பலாம்னு உக்காராதீங்க.

திரும்பி வந்ததும் எல்லார் கண்ணும் கை தூக்கறாரான்னு பாக்கும். நீங்க போர்வையை விலக்கி தொடையை பாருங்க. வீக்கம், கெட்டியா உருண்டை, நனைஞ்ச கட்டு. பாதத்து நாடி ரெண்டு பக்கமும் தொட்டு பாருங்க, போறதுக்கு முன்னாடி எங்க அடிச்சுதுன்னு பேனால ஒரு புள்ளி வெச்சிருந்தா இப்போ தேட வேணாம். பாதம் சில்லுன்னு வெளுத்து நாடி இல்லன்னா கால் குழாய் அடைச்சிருக்கு.

தொடை பாக்க சுத்தமா இருக்கு, ஆனா நாடி 120, பி.பி. இறங்குது, இடுப்பு வலி முதுகு வலின்னு முனகறாரு. இது வயித்துக்கு பின்னாடி உள்ளுக்குள்ள ரத்தம் தேங்கறது, வெளில ஒரு துளி தெரியாது. படுத்தே இருக்கறதால முதுகு வலிக்குதுன்னு வலி ஊசி போட்டுட்டு போன கேஸ் எனக்கு தெரியும், ஹீமோகுளோபின் 12ல இருந்து 7க்கு வந்தப்புறம்தான் கண்டுபிடிச்சாங்க. ஸ்ட்ரோக்ல ஏறின பி.பி. தானா இறங்கினாலும் மெல்லதான் இறங்கும், நாடி எகிறி இப்படி படார்னு இறங்காது. அப்படி இறங்கினா ரத்தம் எங்கயோ போகுதுன்னு வெச்சுக்கோங்க.

குழாய் முழுசா திறந்த கேஸ்ல பி.பி. 180/105க்கு கீழ வைக்கணும், அதுக்காக 120க்கு எல்லாம் இறக்கிடாதீங்க, அப்படி இறக்கினவங்க மோசமானதை ஆய்வுலயே பாத்திருக்காங்க. முடிஞ்சதும் எடுக்கற சி.டி.ல வெள்ளையா தெரிஞ்சா கசிவுன்னு உடனே அலற வேணாம், கான்ட்ராஸ்ட் ஊறி நின்னாலும் வெள்ளையாதான் இருக்கும். மறு படத்துல கான்ட்ராஸ்ட் மங்கும், ரத்தம் மங்காது. ஆனா பேஷண்டோட நிலைமை மாறியிருந்தா, கான்ட்ராஸ்ட்தான்னு காரணம் சொல்லி தள்ளிப் போடாதீங்க.

11. முதல் ராத்திரி: வாய், தூக்கம், மறு சி.டி.

விழுங்கற டெஸ்ட் முடியாம ஒரு சொட்டு தண்ணி கூட வாயில போகக் கூடாது, மாத்திரையும் சேத்துதான். நிமிர்த்தி உக்கார வெச்சு ஒரு ஸ்பூன் தண்ணி, விழுங்கினதும் "ஆ" சொல்ல சொல்லுங்க. இருமினாலோ, குரல் தொண்டையில தண்ணி வெச்சு பேசற மாதிரி மாறினாலோ நிறுத்துங்க. மூணு ஸ்பூன் தாண்டினா டம்ளர்ல கொஞ்சம். வாய்ல எதுவும் குடுக்கக் கூடாதுன்னு தமிழ்ல பெருசா எழுதி தலைமாட்டுல மாட்டுங்க, டாக்டர் பாஷைல மூணு எழுத்து எழுதினா ராத்திரி 2 மணிக்கு பாசத்தோட இளநீர் ஊத்தற அக்காவுக்கு அது புரியாது.

நாப்பது அம்பது வயசுல பாதி மூளைக்கு பெரிய அடைப்புன்னா அன்னைக்கு ராத்திரி "அசந்து தூங்கறாரு சிஸ்டர், பாவம் எழுப்பாதீங்க"ன்னு சொல்லுவாங்க. எழுப்பியே ஆகணும். மூளை வீங்க ஆரம்பிச்சா முதல் அறிகுறியே தூக்கம்தான், கண் பாப்பா பெருசாகறது அப்புறம்தான். 60 வயசுக்குள்ள இருக்கறவங்களுக்கு 48 மணி நேரத்துக்குள்ள மண்டை ஓட்டு எலும்பை எடுத்து இடம் குடுத்தா உயிர் பிழைக்க வாய்ப்பு நெறைய கூடுது, அதனால சர்ஜனுக்கு முதல் நாளே தகவல் சொல்லி வையுங்க.

காய்ச்சல் 38 டிகிரி தாண்டினா பாரசிட்டமால், சுகர் 140ல இருந்து 180க்குள்ள. மானிட்டர்ல நாடி தாறுமாறா ஓடினா ஸ்ட்ரிப் பிரிண்ட் எடுத்து ஷீட்ல ஒட்டுங்க, காலைல அது நேராகிடலாம், ஸ்ட்ரோக்குக்கு காரணமே அதுவா இருந்தா ஆதாரம் போயிடும்.

24 மணி நேரம் ஆனதும் மறு சி.டி. இதுக்கு முதல் நாளே டைம் போட்டு வைக்கணும், ஏன்னா இந்த படம் பாக்காம ஆஸ்பிரின் ஆரம்பிக்க முடியாது, ஞாயித்துக்கிழமைன்னு தள்ளிப்போனா பேஷண்ட் எந்த பாதுகாப்பும் இல்லாம இன்னொரு நாள் கிடப்பாரு. படத்துல கசிவு இல்லன்னு டாக்டர் எழுதினதும் ஆஸ்பிரின். விழுங்கற டெஸ்ட்ல தேறலன்னா மூக்கு ட்யூப் வழியா, ட்யூப் சரியான இடத்துல இருக்கான்னு எக்ஸ்ரே பாத்துட்டு.